பூஜையில் வைத்த துப்பாக்கி

மாண்ட்ரியாலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பூஜையில் வைத்ததைத் தொட்டவள். எழுபதுகளில் இந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அந்த பஸ் நிறைய டாக்டர்களும் இன்ஜினியர்களும் பேராசிரியர்களும்தான் இருந்திருப்பார்கள். என் குற்றம் அத்தனை பேருக்கும் தெரியும். நான் தொட்டது ஒரு துப்பாக்கி, அதற்குள் ஒரு தோட்டா இருந்தது என்பதை மட்டும் ஒருவரும் கதையில் சேர்ப்பதில்லை. எத்தனையோ வருஷம் பொறுத்தாயிற்று. நானே சேர்த்துவிடுகிறேன்.

துப்பாக்கிக்காரர் எங்கள் நண்பர். அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபதுகளின் கடைசியில், ஒரு ஜனவரி மாதம், புடவையும் ஒரு கம்பளிச் சால்வையுமாக நான் விமானத்தை விட்டு இறங்கியபோது, இரண்டு குளிர் கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அவர்தான். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுக்கு வீடு பார்த்து வைத்திருந்தார். முதல் வாரம் முழுக்க அவர் மனைவிதான் சோறு அனுப்பினாள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்க என் கணவரும் விட்டதில்லை.

என் கணவர் ஆஸ்பத்திரியில் நோய்க்கூறு மருத்துவர். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இது புற்றா இல்லையா என்று சொல்கிற வேலை. அவர் கண்ணை நம்பித்தான் எங்கள் வீடும் ஓடியது, ஊரில் இருந்த அவர் தம்பிகளின் படிப்பும் ஓடியது. மனிதர் தங்கம். ஆனால் வாயில் 'மாட்டேன்' என்ற சொல் மட்டும் வராது. போதும் என்று சொல்லத் தெரியாமல் விருந்து வீடுகளில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர். என் சமையலில் உப்பில்லாவிட்டாலும் சத்தம் போடாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இதைப் பொறுமை என்று என் அம்மா மெச்சுவாள். அவளா அவரோடு குடித்தனம் நடத்தினாள்?

நண்பர் இல்-பிசாரில் தனி வீடு வாங்கினார். ஆற்றுக்கு நடுவில் தீவு, பஸ் எப்போதாவது வரும், பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால்கூடக் கேட்காத இடம். அங்கே வீடு என்றால் படகு, நாய், துப்பாக்கி மூன்றும் வேண்டும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். படகுக்கு மனைவி சம்மதிக்கவில்லை. நாய் என்றால் இவருக்கே பயம். மிஞ்சியது துப்பாக்கி. அன்றைக்கெல்லாம் ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடையிலேயே ரைஃபிள் கிடைக்கும். பாயின்ட் டூ டூ ரைஃபிள் ஒன்றையும் தோட்டாப் பெட்டிகளையும் வாங்கி, ஸ்டேஷன் வேகனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குத் துப்பாக்கி பிடிக்கும். சென்னையில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் இதே வகை ரைஃபிளைச் சுட்டிருக்கிறேன். நன்றாகவே சுடுவேன். மண்மேட்டின் மேல் சிவப்புக் கொடி ஏறினால்தான் நாங்கள் தரையில் படுப்போம். தோட்டா போகிற வழியை மூடும் போல்ட்டைத் திறந்து உள்ளே விரலை விட்டுக் காட்டாமல் ஒருத்தியும் எழுந்திருக்க முடியாது. காலித் துப்பாக்கியை விளையாட்டுக்குத் தோழி பக்கம் திருப்பிய ஒரு பெண்ணை, அன்றைக்கே சீருடையைக் கழற்ற வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். துப்பாக்கிக்குள் எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினை, அதன் வாய் யார் பக்கமும் போகக் கூடாது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் சுடாதே. பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு இது புரிந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்களை வரிசையாக எழுதிக்கொள்கிற ஆண்களுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே மலைப் பக்கம் போவோம். அரசு நிலம். யாரிடமும் அனுமதி எழுதி வாங்காமல், யாரையும் கேட்காமல் போய்ச் சுடலாம். காட்டுக்கு நடுவில் சரளைக்கல் வெட்டியெடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. பொது நிலம் என்றால் எல்லாருடைய நிலம் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே வந்தவர்களுக்கு அது யாருடைய நிலமும் இல்லை. வயிற்றில் நூறு ஓட்டையோடு ஒரு குளிர்சாதனப் பெட்டி, முகம் உடைந்த தொலைக்காட்சி, ஒரு கழிப்பறைப் பீங்கான், கால் வைக்க இடமில்லாமல் பாட்டில் சில்லு. தோட்டாக் கூடுகள் சிந்திய கடலை மாதிரி கிடக்கும். ஓரமாக நின்ற பிர்ச் மரங்களை நடு உடம்பில் சுட்டுச் சுட்டே ஒடித்துப் போட்டிருந்தார்கள். நுழைகிற இடத்தில் பிரெஞ்சில் ஒரு அறிவிப்புப் பலகை. கண்ணாடியைச் சுடாதே, குப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ, பாதையை நோக்கிச் சுடாதே என்று எழுதியிருந்ததை என் அரைகுறைப் பிரெஞ்சில் தட்டுத் தடுமாறிப் படித்தேன். மிச்ச வரிகளைப் படிக்க முடியவில்லை. அந்தப் பள்ளத்திலேயே அதிகம் சுடப்பட்ட குறி அந்தப் பலகைதான்.

வேறு யாரோ செய்த அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களே அந்தப் பலகையில் குறி பார்த்தார்கள்.

நண்பர் சுடுவார். அவரைப் பார்த்து மற்ற ஆண்கள் சுடுவார்கள். ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பாட்டிலை நிமிர்த்தி வைக்க முன்னால் போவார். சுட்டு முடித்தவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, குழல் எங்களைப் பார்க்க, காப்பி இருக்கிறதா என்று திரும்பிக் கேட்பார். அந்தக் குழலின் சின்ன வட்டத்தை நேருக்கு நேர் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படியிருக்கும் என்று தெரியும்.

"யாராவது முன்னால போனா போல்ட்டைத் திறந்து கீழே வெச்சுடுங்க" என்றேன்.

"ஆகட்டும் ஹவில்தார் அம்மா!" என்று நண்பர் சல்யூட் அடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

"பாட்டிலைப் பாறை மேல வைக்காதீங்க. கல்லுல பட்டா குண்டு எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும்."

"சிஸ்டர், நான் பாலம் கட்டறவன். எந்தக் கோணத்துல பட்டா எங்கே போகும்னு எனக்குத் தெரியாதா?"

நெற்றியில் அடித்துக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது எனக்கு. ஆகஸ்டு மாதம் ஒரு நாள், நாங்கள் எந்த மேட்டை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தோமோ அதே மேட்டின் மேல் வயதான பிரெஞ்சுத் தம்பதி ஏறி வந்தார்கள். அந்தப் பக்கம் நாவற்பழம் மாதிரி நீலமாக ஒரு காட்டுப்பழம் காய்க்கும். கையில் பழக் கூடை. அந்த அம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நண்பர் துப்பாக்கியைப் பிடித்திருந்த கையையே உயர்த்தி ஆட்டி, "போன்ழூர்!" என்றார். பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துப் பின்பக்கமாகவே இறங்கிப் போய்விட்டார். "என்ன ஜனங்களோ, ஒரு மரியாதை கிடையாது" என்றார் நண்பர்.

அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். என் கணவரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். "பாதியில கிளம்பினா தப்பா நினைப்பார்" என்றார்.

அதற்குப் பின் கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. என் கணவர் காரின் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தார். நண்பர் பாறைமேல் வைத்திருந்த பாட்டிலைச் சுட்டார். பாட்டில் அப்படியே நின்றது. என் கணவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்தினார். விரல் இடுக்கில் ரத்தம். இடது கண்ணுக்குக் கீழே, எலும்பின் மேல், சதை கிழிந்திருந்தது. கையை எடுக்க வைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லி, என் விரல்களை எண்ணச் சொன்னேன். எண்ணினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அரை விரல்கடை மேலே பட்டிருந்தால் அந்த நுண்ணோக்கியும் இல்லை, எங்கள் வீடும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இளம் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "ரோட்டுல கார் டயர்லேர்ந்து கல்லு தெறிச்சுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நண்பர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். காயம் பட்டவன் பொய் சொல்கிறான், காயப்படுத்தியவன் மூச்சு விடுகிறான்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்று வீட்டில் கேட்டேன்.

"கல்லாவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்? போலீஸ் கீலீஸ்னு போனா அவர் வேலைக்கு ஆபத்து. நமக்கு எவ்வளவு செஞ்சிருக்கார்."

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைங்க, வேண்டாங்கலை. அதுக்காகக் கண்ணையுமா குடுப்பீங்க?"

இனிமேல் அந்தப் பள்ளத்துக்கு வர முடியாது என்று நண்பரிடம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஆகஸ்டு போய் செப்டம்பர் வந்தது. இலை பழுத்தது. சமயம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒரு தலைவலி வந்தது, அவருக்கு ஒரு வேலை வந்தது, அவ்வளவுதான். நண்பரின் மனைவி பாவம், ஒரு பாத்திரத்தில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பினேன். நம் வழக்கம் அது. காலியாக எதையும் கொடுப்பதில்லை, காலியாக எதையும் சாமி முன்னால் வைப்பதுமில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. மறுநாள் விஜயதசமி, இந்த நாட்டிலும் நன்றி சொல்லும் நாள் என்று விடுமுறை. எல்லாரும் இல்-பிசாருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வர வேண்டும் என்று நண்பர் கட்டளை. போகாமல் இருக்க முடியாது, ஊரே அங்கேதான் இருக்கும். வில்லரே பக்கம் ஓர் இத்தாலியர் கடையில் கொண்டைக்கடலை வாங்கிச் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள். பிள்ளைகளின் புத்தகங்கள், ஒரு டைப்ரைட்டர், என் கணவரிடம் கேட்டு வாங்கிய ஸ்டெதாஸ்கோப், சுத்தியல், துளைபோடும் மெஷின், பனி அள்ளுகிற மண்வெட்டி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. நடு நாயகமாக, பட்டுத் துண்டின் மேல், துப்பாக்கி. குழல் நெடுக மூன்று விரல் சந்தனப் பட்டை. வாய்ப்பக்கம் ஒரு செவ்வந்தி. அந்த வாய் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே விரித்திருந்த ஜமுக்காளத்தை, நாங்கள் எல்லாரும் விழுந்து கும்பிட வேண்டிய இடத்தை.

போல்ட் மூடியிருந்தது. பழக்கத்தில் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

"இதைத் திறந்து வெச்சிருக்கலாமே" என்றேன்.

"பூஜையில வாயைப் பிளந்து வைக்கலாமா, சிஸ்டர்?"

"காலியாத்தானே இருக்கு?"

அவர் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வது போல், "சாமி முன்னால காலிப் பாத்திரம் வைப்பாங்களா? உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமா?" என்றார்.

அது எனக்குள் இறங்க ஒரு கணம் ஆயிற்று. அதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். மணி அடித்தது. "வயசுல மூத்தவர், டாக்டர் முதல்ல" என்று நண்பர் கைகாட்டினார். என் கணவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் உச்சந்தலை அந்தச் செவ்வந்திக்கு நேராக இருந்தது. அவருக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி கிடந்த அந்த விரிப்பு வேட்டியின் நுனியை ஒரு பொடியன் மிதித்து இழுத்தால் போதும்.

நான் போய் எடுத்தேன். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தேன். தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, தரையில் உருண்டு, கோலத்தின் மேல் போய் நின்றது.

அமைதி. அந்தத் தோட்டாவைப் பார்த்து வந்த அமைதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா! தொட்டுட்டீங்களே!" என்றாள் நண்பரின் மனைவி. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பேராசிரியர் ஒருவர், "பூஜையில வெச்சதை மறுநாள்தாங்க எடுக்கணும். தோஷம்" என்றார். இயற்பியல் பேராசிரியர்! அவர் மனைவி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். துப்பாக்கியிடமிருந்து இல்லை, என்னிடமிருந்து.

என் கணவர் எழுந்தார். நெற்றியில் ஜமுக்காளத்தின் வரி பதிந்திருந்தது. கோலத்தில் கிடந்ததைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். எங்கே இவ்வளவு நேரம் தலையை வைத்திருந்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் முகம் சொன்னது. கையைக் கூப்பினார். நண்பரைப் பார்த்து.

"மன்னிச்சுக்கோங்க சார். அந்தக் காயம் பட்டதிலேர்ந்து அவளுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல."

எனக்கு அந்த நிமிஷம் வந்த அருவருப்பை எப்படி எழுதுவது? கெட்டுப்போன பாலை வாயில் ஊற்றிக்கொண்டு துப்ப இடமில்லாமல் நிற்பது போல் இருந்தது. நண்பர் பெருந்தன்மையோடு, "பரவாயில்ல, பரவாயில்ல" என்று என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, இன்னொரு தோட்டாவைக் குங்குமக் கையாலேயே உள்ளே வைத்து, போல்ட்டை மூடி, பட்டுத் துண்டின் மேல் பழையபடி கிடத்தினார். இத்தனை படித்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார்.

நான் மறுபடி எடுத்தேன். இந்த முறை தோட்டாவைத் தள்ளிவிட்டதோடு நிற்கவில்லை. விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் போல்ட் முழுசாகக் கழன்று கையில் வந்துவிடும், என்.சி.சி.யில் துடைத்துத் துடைத்துக் கை கண்ட வேலை. அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். இனி அந்தத் துப்பாக்கியால் ஒரு ஈயைக்கூடச் சுட முடியாது. ஊராருக்கும் விளங்கியது. ஆனால் ஒரு பெண்ணின் கைப்பைக்குள் கையை விட அங்கே ஒரு ஆணுக்கும் துணிவில்லை. சுண்டல் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன்.

என் கணவர் தாமதமாகத்தான் வந்தார். இன்னும் எத்தனை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாரோ. வண்டியை எடுத்தார். தீவை விட்டு வெளியேறுகிற பாலம் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார், அவர்தான் எதற்குமே மாட்டேன் என்று சொல்லாதவராயிற்றே. இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவர் அருகே நின்றேன். நல்ல வெயில், காற்று மட்டும் குளிர்ந்து அடித்தது. போல்ட்டை எடுத்து ஆற்றில் எறிந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் விரலெல்லாம் சந்தன வாசனை.

"அது அவரோடதாச்சே" என்றார் என் கணவர்.

"உங்க தலை என்னோடது" என்றேன்.

மறுநாள் காலை டெலிபோன் அடித்தது. அவர்தான் எடுத்தார். நண்பருக்கு எப்போதும் ஊருக்கே கேட்கிற குரல், அடுப்படியில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டாக்டர், சிஸ்டருக்குக் கோபம் தீர்ந்துதா? விஜயதசமிக்கு ஆயுதத்தை எடுத்துப் பழகணும் இல்லையா? எல்லாரும் பள்ளத்துக்குக் கிளம்பியாச்சு. திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய்கூட வாங்கியாச்சு, பாறை மேல வெச்சுச் சுட்டுடலாம். அந்த போல்ட்டை எடுத்துட்டு நீங்களும் வந்துடுங்க."

என் கணவர் மறுபடி மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கையில் இருந்த டம்ளரை வீசிவிடக் கூடாதே என்று மேடையில் வைத்தேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். இன்னொரு கை இடது கண்ணுக்குக் கீழே போய், அந்தத் தழும்பைத் தடவியது.

"அது பாலத்துக்குக் கீழ ஆத்துல கிடக்குது சார்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். "இல்ல சார். அவளுக்கு மனசு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பட்டது கல்லு இல்ல, உங்க குண்டு. நாங்க வர மாட்டோம்."

ரிசீவரை வைத்துவிட்டார். வந்து மேஜையில் உட்கார்ந்தார். காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை பத்தல" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் குறை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன்.